ஊரில் அம்மா, ரொறன்ரோவில் மகன்: குரூஸ் உறுப்புரிமைப் புள்ளிகளைச் சிதறவிடாமல் சேர்ப்பது

2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு வந்து நின்ற கோர்டேலியா உல்லாசக் கப்பல் (குரூஸ்) நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் புதுக் கப்பல் அல்ல. 1990இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கி, பிறகு 'எம்பிரஸ் ஒஃப் த சீஸ்' என்ற பெயரோடு றோயல் கரீபியன் நிறுவனத்துக்கு நெடுங்காலம் உழைத்தது. அந்த நாளில் அதில் போனவருக்கு றோயல் கரீபியன் கணக்கில் உறுப்புரிமைப் புள்ளி ஏறியது; இப்படிப் புள்ளி சேரச் சேர உறுப்பினரின் நிலையும் அதற்குரிய சலுகைகளும் உயரும். இன்று அதே அறையில் படுத்தாலும் அங்கே ஒன்றும் ஏறாது. புள்ளி நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கப்பலின் இரும்பு அதைச் சுமப்பதில்லை. நாகபட்டினத்துக்கு ஓடும் படகுச் சேவை இதில் சேர்மதியே இல்லை. அது வெறும் பயணச் சீட்டு.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் குரூஸ் போவது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ சிட்னியிலோ இருக்கிறார்கள். அப்பா அம்மாவை எடுப்பித்து, ஒரு கிழமை எல்லோரும் கப்பலில் கூடுகிறார்கள். அடுத்த வருடம் வேறொரு மகள் வேறொரு நிறுவனத்தில் மலிவு விலை கண்டு அங்கே பதிகிறாள். பத்து வருடத்தில் அம்மா 60, 70 இரவுகள் கடலில் கழித்திருப்பார். ஆனால் நாலு நிறுவனத்தில் நாலு துண்டாக, அதிலும் பாதி பிழையான பெயரில். இந்தக் கையேடு அதைத் தவிர்ப்பதற்கு.

எப்படி எண்ணுகிறார்கள்

நிறுவனங்கள் மூன்று விதமாக எண்ணுகின்றன: இரவுக் கணக்கு, பயணக் கணக்கு, காசுக் கணக்கு. எது என்று தெரியாமல் சேர்க்கத் தொடங்கினால் உழைப்பு வீண்.

இரவுக் கணக்குக்கு நல்ல உதாரணம் றோயல் கரீபியனின் 'கிரவுன் அன்ட் ஆங்கர் சொசைட்டி'. ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. 3 புள்ளியில் கோல்ட், 30இல் பிளாட்டினம், 55இல் எமரால்ட், 80இல் டயமண்ட், 175இல் டயமண்ட் பிளஸ், 700இல் பினக்கிள். ஜூனியர் சூட் அறையும் (சூட் என்பது பெரிய, விலை கூடிய அறை) அதற்கு மேலும் எடுத்தால் இரட்டைப் புள்ளி. அறையில் ஒருவர் மட்டும் இருந்து இருவருக்கான கட்டணத்தையும் செலுத்தினால் இரவுக்கு ஒரு புள்ளி கூடுதல். புள்ளிகள் காலாவதியாவதில்லை. ஐந்து வருடம் கப்பல் ஏறாவிட்டாலும் கணக்கு அப்படியே கிடக்கும்.

அதே குழுமத்தின் செலிபிரிட்டி குரூஸஸ் இரவோடு அறை வகையையும் பெருக்குகிறது. யன்னல் இல்லாத உள்ளறைக்கு இரவுக்கு 2, பல்கனி அறைக்கு 3. சூட் வகைகளுக்கு அதைவிட மேலே போகும். அங்கே எலீட் நிலைக்கு 300 புள்ளி வேண்டும். பல்கனியில் போனால் 100 இரவு, உள்ளறையில் போனால் 150 இரவு. றோயல் கரீபியனில் டயமண்டுக்கு எந்த அறையானாலும் 80 இரவு போதும். 2024 முதல் றோயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ மூன்றும் ஒன்றின் நிலையை மற்றதில் ஏற்றுக்கொள்கின்றன. டயமண்ட் ஆனவர் செலிபிரிட்டியில் எலீட் ஆகிறார். ஆகவே மலிவான உள்ளறையில் போகிறவர் றோயல் கரீபியனில் சேர்த்து, பிறகு விருப்பமான நேரம் செலிபிரிட்டியில் அனுபவிப்பதே கணக்குக்குச் சரி. எதிர்ப்பக்கமாகச் செய்தால் ஏறக்குறைய இரு மடங்கு இரவு வேண்டும்.

ஹொலண்ட் அமெரிக்கா நாட்களை எண்ணி நட்சத்திரம் கொடுக்கிறது. 30 நாளில் இரண்டு, 75இல் மூன்று, 200இல் நாலு, 500இல் ஐந்து. சூட் அறைக்கு நாள் இரட்டிக்கும். கப்பலில் செலவழிக்கும் ஒவ்வொரு 300 டொலருக்கும் ஒரு நாள் கூடும். நீண்ட பயணம் போகிற ஓய்வுபெற்றவர்களுக்கு இது ஏற்றது. வருடத்துக்கு ஒரு கிழமை போகிறவர் நாலாம் நட்சத்திரத்தைக் காண ஏறக்குறைய 29 வருடம் பிடிக்கும். அவர் இதன் பின்னால் போகவேண்டாம்.

பயணக் கணக்கில் டிஸ்னியின் 'காஸ்ட்அவே கிளப்' மிக எளிது. ஒரு பயணம் முடிந்தால் சில்வர், 5 முடிந்தால் கோல்ட், 10இல் பிளாட்டினம், 25இல் பேர்ல். மூன்று இரவுப் பயணமும் ஒன்று, பதினாலு இரவுப் பயணமும் ஒன்று. இப்படி எண்ணும் இடத்தில் குறும்பயணம்தான் புத்தி; நீண்ட பயணத்தை இரவுக் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒதுக்குங்கள்.

மூன்றாவது, காசுக் கணக்கு. கார்னிவல் 2025 ஜூனில் தன் பழைய இரவுக் கணக்கைக் கைவிட்டுச் செலவுக் கணக்குக்கு மாறுவதாக அறிவித்தது. எத்தனை இரவு போனீர்கள் என்பதை விட்டு, எவ்வளவு செலவழித்தீர்கள் என்று பார்ப்பார்கள்; நிலையும் காலக்கெடுவோடு வரும். கப்பலில் மது, கசினோ பக்கம் தலைவைக்காத எங்கள் பெற்றோருக்கு இந்த முறை பாதகமானது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே கார்னிவலைத் தெரிவுசெய்யுங்கள்.

எம்.எஸ்.சி. நிறுவனத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. வேறு கப்பல் நிறுவனங்களிலோ ஹோட்டல் திட்டங்களிலோ ஏற்கெனவே உயர்நிலை இருந்தால், ஆதாரத்தைப் பதிவேற்றி அதற்கு ஈடான நிலையை இலவசமாகக் கேட்கலாம். இதற்குக் கடல் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் அங்கே மூன்று வருடம் பயணம் செய்யாவிட்டால் உறுப்புரிமை விழுந்துவிடும். எனவே பயணத் திகதி கையில் வந்த பிறகு விண்ணப்பியுங்கள். சும்மா இருக்கும்போது வாங்கி வைத்தால் பாவிக்காமலே காலம் ஓடிவிடும்.

முதலில் பெயர்

புள்ளி தொலைவதற்கு முதற்காரணம் பெயர். இதில் செலவிடும் அரை மணித்தியாலம் பிறகு வரும் எல்லா வேலையையும் மிச்சப்படுத்தும்.

எங்கள் பெயர்முறை மேற்கத்தியப் படிவத்துக்குப் பொருந்துவதில்லை. ஒருவரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தகப்பன் பெயர் இருக்கும். இன்னொருவருக்கு அந்த இடத்தில் சொந்தப் பெயரே இருக்கும். கலியாணம் முடித்த பெண்ணுக்குப் பழைய கடவுச்சீட்டில் தகப்பன் பெயர், புதியதில் கணவன் பெயர். மகன் ஒரு தடவை 'பெர்ஸ்ட் நேம்' இடத்தில் அம்மாவின் சொந்தப் பெயரைப் போடுவான். அடுத்த முறை முகவர் கடவுச்சீட்டைப் பார்த்துத் தலைகீழாகப் போடுவார். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். இரண்டு உறுப்பினர் எண் பிறக்கும். புள்ளி இரண்டாகப் பிரியும்.

தீர்வு கடவுச்சீட்டிலேயே இருக்கிறது. படப் பக்கத்தின் அடியில் கணினிக்கான இரண்டு வரிகள் உண்டு. மேல்வரியில் இலங்கையைக் குறிக்கும் மூன்று எழுத்துக்குப் பிறகு தொடங்கி, இரண்டு கோண அடையாளங்கள் சேர்ந்து வரும் இடம்வரை இருப்பதே குடும்பப் பெயர். அதற்குப் பிறகு வருவது முழுவதும் மற்றப் பெயர்கள். அந்தப் பிரிப்பை அப்படியே எழுதுங்கள். முதலெழுத்தாகச் சுருக்க வேண்டாம், உச்சரிப்புக்கேற்ப எழுத்தை மாற்றவும் வேண்டாம். அந்த வரியில் பெயருக்கு 39 இடந்தான் உண்டு. எங்கள் நீண்ட பெயர்கள் சில அங்கே வெட்டுப்படும். அப்படியானால் மேலே அச்சிடப்பட்டிருக்கும் முழுப் பெயரை எடுத்து, பிரிப்பை மட்டும் அடிவரியிலிருந்து எடுங்கள்.

பிறந்த திகதியும் அடிக்கடி பிழைக்கும். அமெரிக்க நிறுவனங்களின் படிவத்தில் மாதம் முன்னே, நாள் பின்னே. ஜூலை 5 என்று பிறந்தவர் மே 7 ஆகிவிடுவார். நாள் 12க்கு மேலே இருந்தால் கணினி பிழை காட்டும். 12க்குக் கீழே இருந்தால் வாய் திறக்காது. உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் மாதம் எழுத்தில் வரும் இடத்தைத் தேடிப் பாருங்கள்.

முகவரிக்கும் ஒரு சொல். றோயல் கரீபியன் போன்ற இடங்களில் ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவி, இருவரில் உயர்ந்தவரின் நிலையைப் பகிரலாம். அப்பா முன்பே ரொறன்ரோ போய் இரண்டு பயணம் கூடுதலாகச் செய்திருந்தால் அம்மாவும் அவரோடு ஏறிவிடுவார். ஆனால் அதற்கு இரு கணக்கிலும் முகவரி ஒன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கில் 'ஒழுங்கை' என்றும் அம்மாவின் கணக்கில் 'லேன்' என்றும், ஒன்றில் கொக்குவில், மற்றதில் யாழ்ப்பாணம் என்றும் கிடந்தால் இணைக்கக் கேட்கும்போது இழுபடும். ஒரு வடிவத்தைத் தெரிந்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். மகனின் ரொறன்ரோ முகவரியை 'வசதிக்காக' அம்மாவுக்குப் போடுவது இந்தச் சிக்கலின் தொடக்கம். மகன் டயமண்ட் என்பதால் தாய் டயமண்ட் ஆவதில்லை. வயது வந்த பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு நிலை போகாது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் பெற்றோரின் நிலை கிடைக்கும்.

உறுப்பினர் எண்ணை எடுத்துப் பதிவில் ஒட்டுவது

அம்மாவுக்குத் தனி மின்னஞ்சல் ஒன்று திறவுங்கள். ஒரு மின்னஞ்சலில் ஒரு கணக்கு என்பதுதான் பொதுவான ஏற்பாடு. மகனின் மின்னஞ்சலிலேயே நாலு பேரையும் பதிந்தால் மூன்று பேரின் எண் வெளிச்சத்துக்கு வராது. கடவுச்சொல்லையும் உறுப்பினர் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். உறுதிப்படுத்தும் எண் வரும் தொலைபேசி, அம்மா ஊரில் பாவிக்கும் தொலைபேசியாக இருக்கட்டும். வெளிநாட்டில் ஒரு மாதத்துக்கு வாங்கிய சிம்மைக் கொடுத்தால், அது செத்ததும் கணக்கும் பூட்டுப்படும்.

பதியும்போது முகவரிடம் ஒவ்வொருவருடைய எண்ணையும் தனித்தனியாக எழுத்தில் கொடுங்கள். எட்டுப் பேர் கொண்ட குடும்பப் பதிவில், தலைவராகப் பெயர் கொடுத்தவரின் எண் மட்டும் ஏறியிருப்பது வழமையாக நடக்கும் பிழை. பதிவு உறுதிச்சீட்டு வந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் நேரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அன்றே திருத்துவிக்க வேண்டும். கப்பல் ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் திருத்தலாம், ஆனால் வரிசையில் நிற்க வேண்டிவரும், நிலைக்குரிய கழிவும் கட்டணத்தில் ஏறியிருக்காது. றோயல் கரீபியனில் பிளாட்டினத்திலிருந்து பல்கனி, சூட் அறைகளுக்குக் கிடைக்கும் கழிவு விசேடமாக இப்படித்தான் தவறிப்போகிறது. கேட்டால்தான் போடும் முகவர்களே அதிகம்.

சின்னப் பிள்ளைகளுக்கும் முதற் பயணத்திலேயே சொந்த எண் எடுத்துவிடுங்கள். இரவுகள் அவர்களுக்கும் எண்ணப்படும். ஒரே அறையில் மூன்றாவது, நாலாவது ஆளாகப் படுத்தாலும் அவரவர் புள்ளி அவரவருக்கு.

வேகமாக ஏறும் வழி

ஆடி ஆவணியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை. அதே நேரம் நல்லூர்க் கொடியேற்றம், பெற்றோர் ஊரை விட்டு அசையமாட்டார்கள். பிறகு நத்தார் விடுமுறையில் கூடலாம் என்று பார்த்தால் கப்பல் விலை உச்சத்தில் நிற்கும். புள்ளிக் கணக்கில் இந்த விலைக்கு மதிப்பில்லை என்பதை இங்கே நினைவில் வையுங்கள். இரவுக் கணக்கில் நத்தாரின் ஏழு இரவும் ஏழு புள்ளி, செப்டெம்பரின் ஏழு இரவும் ஏழு புள்ளி. குடும்பம் கூடுவதற்கு ஒரு பயணம், புள்ளிக்கு ஒரு பயணம் என்று பிரித்து, இரண்டாவதைப் பெற்றோர் மட்டும் செப்டெம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் போவது கைக்கு அடக்கம்.

அதிலும் மலிவு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கப்பல்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் இடம் மாறும் பயணங்கள். 12 முதல் 15 இரவு. இரவொன்றுக்கான விலை வழமையைவிடக் குறைவு. றோயல் கரீபியனில் ஒரே பயணத்தில் பிளாட்டினத்தின் பாதி வந்துவிடும். ஆனால் ஆறு, ஏழு நாள் தொடர்ந்து தரை தெரியாது. கப்பல் மருத்துவமனை முதலுதவிக்கும் சின்ன வருத்தத்துக்குமே போதுமானது. இருதய வருத்தம் உள்ளவர்களை, டயாலிசிஸ் செய்பவர்களைப் புள்ளிக்காக இந்தப் பயணத்தில் ஏற்றவேண்டாம். இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

கணவனை இழந்த தாய் தனி அறை எடுப்பது எங்கள் வீடுகளில் நிறைய உண்டு. இருவர் கட்டணம் என்பது வயிறு எரியும் செலவுதான். ஆனால் அதற்கு ஈடாக றோயல் கரீபியனில் இரவுக்கு இரண்டு புள்ளி. ஏழு இரவுக்கு 14. ஆறு பயணத்தில் 84, அதாவது டயமண்ட். மற்றவர்களோடு அறையைப் பங்கிட்டுப் போகிறவருக்கு அதே இடத்துக்கு 12 பயணம் வேண்டும். தனி அறைக்குக் காசு கட்டியிருந்தால் அந்த மேலதிகப் புள்ளி ஏறியதா என்று கட்டாயம் சரிபாருங்கள், விடுபடுவது இதுதான்.

விசா தொல்லை இல்லாமல் தொடங்க விரும்புகிற பெற்றோருக்குச் சிங்கப்பூர் நல்ல வாசல். இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய கால விசா தேவையில்லை, கொழும்பிலிருந்து நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ஓடுபவை பெரும்பாலும் மூன்று, நாலு இரவுப் பயணங்கள். ஆனால் கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் நுழைவு விதி தனி. சிங்கப்பூருக்கு விசா வேண்டாம் என்பதை நம்பி மற்றத் துறைமுகங்களைப் பாராமல் விடாதீர்கள்.

உயர்நிலையில் உண்மையில் கிடைப்பது

விளம்பரத்தில் நீண்ட பட்டியல் இருக்கும். எங்கள் வீட்டாருக்குப் பயன்படுவது அதில் கொஞ்சந்தான்.

முன்னுரிமை ஏற்றம்: வயதானவர்களுக்கு இதுவே முதற் பெறுமதி. மியாமியிலோ பார்சலோனாவிலோ இரண்டாயிரம் பேர் நிற்கும் மண்டபத்தில் முழங்கால் நோவோடு நிற்காமல் போகலாம். கப்பல் துறையில் கட்டமுடியாமல் நடுக்கடலில் நங்கூரமிட்டு, சிறுபடகில் கரைக்கு ஏற்றும் இடங்களில் இன்னும் அதிகமாக உணர்வீர்கள். கிரேக்கத் தீவான சந்தோரினி அப்படியான இடம். சக்கர நாற்காலி உதவிக்கு நிலை தேவையில்லை. அதை யாரும் முன்கூட்டியே கேட்கலாம், கேளுங்கள்.

சலவை: பிரின்செஸ் கப்பல் நிறுவனத்தில் எலீட் நிலைக்கும் ஹொலண்ட் அமெரிக்காவில் நாலு நட்சத்திரத்துக்கும் சலவை இலவசம். கொழும்பிலிருந்து பறந்து, பத்து நாள் கப்பலில் இருந்து, பிறகு மகள் வீட்டில் ஒரு மாதம் நிற்கப் போகிற பெற்றோருக்கு இது ஒரு பெட்டியையே குறைக்கும். பருத்திச் சேலையையும் கஞ்சி போட்ட வேட்டியையும் மட்டும் கொடுக்காதீர்கள். சூட்டு இயந்திரத்தில் உலர்த்துவார்கள், சுருங்கி வரும்.

பானம்: றோயல் கரீபியனில் டயமண்டுக்கு ஒரு நாளைக்கு 4 பானம், டயமண்ட் பிளஸுக்கு 5, பினக்கிளுக்கு 6. கப்பல் அட்டையிலேயே ஏறியிருக்கும். மது எடுக்காதவர்கள் இதைக் கைவிடுகிறார்கள், அது வீண். மதுவில்லாக் கலவைப் பானம், சோடா, விசேட கோப்பி போன்றவைக்கும் அதைக் கொடுக்கலாம். அன்றைக்குப் பாவிக்காதது அடுத்த நாளுக்குச் சேராது.

இணையம்: டயமண்டில் ஒரு நாள் அளவு இலவசம். தினமும் ஊரோடு வீடியோவில் கதைக்கிறவர்களுக்கு அது காணாது; புறப்பட முன்பே முழுப் பொதியைக் கழிவு விலையில் வாங்குவது மலிவு.

மரக்கறிச் சாப்பாட்டுக்கு நிலை வேண்டியதில்லை. பதியும்போதே இந்திய மரக்கறி என்று குறிப்பிட்டு, முதல் இரவு உணவு மண்டபத் தலைமைப் பரிசாரகரிடம் நேரே ஒருமுறை சொல்லிவிடுங்கள். விரதக்காரருக்கு முட்டையும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய 'மரக்கறி' என்ற சொல்லில் முட்டை அடங்கும்.

எமரால்ட் போன்ற இடைநிலைகளுக்காக ஒரு பயணத்தைக் கூடுதலாக வாங்குவது காசுக்குக் கேடு. டயமண்டுக்கு ஐந்தாறு புள்ளி மட்டும் குறைகிறது என்றால் அது வேறு கதை. நீங்கள் எப்படியும் போக இருக்கும் பயணத்தை இரண்டு இரவு நீட்டுங்கள், அல்லது அந்த ஒருமுறை மட்டும் ஜூனியர் சூட் எடுத்து ஏழு இரவை 14 ஆக்குங்கள்.

ஏறாத புள்ளியை எடுப்பது

இறங்கும் நாள் காலையில் அறைக் கணக்கின் இறுதிச் சீட்டைத் தரவிறக்கி வையுங்கள். கப்பல் அட்டையையும் எறியாதீர்கள். புள்ளி பொதுவாக ஓரிரு கிழமையில் ஏறும். ஏறாவிட்டால் நிறுவனத்தின் உறுப்புரிமைப் பிரிவுக்கு எழுதுங்கள். கப்பலின் பெயர், புறப்பட்ட திகதி, பதிவு எண், அறை எண், கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், மாதத்தை எழுத்தில் எழுதிய பிறந்த திகதி, உறுப்பினர் எண் ஆகியவை ஒரே மின்னஞ்சலில் போகட்டும். இரண்டு எண் இருந்தால் இரண்டையும் கொடுத்து, எது நிலைக்க வேண்டும் என்று சொல்லி, ஒன்றாக்கக் கேளுங்கள். பெயர் மாறியிருந்தால் விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். பழைய பயணங்களின் ஆதாரம் கையில் இல்லாவிட்டால், அன்று பதிந்த முகவரிடம் கேளுங்கள்; பதிவு எண் அவருடைய கோப்பில் இருக்கும்.

முழுக் கப்பலையும் ஓர் அமைப்பு வாடகைக்கு எடுத்து நடத்தும் பயணங்களில் பல நேரம் புள்ளி கிடையாது. இசைவிழாக் கப்பல், சங்கக் கொண்டாட்டக் கப்பல் என்று வரும்போது காசு கட்டுமுன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

விசா

எந்த நிலையும் விசாவுக்கு ஈடாகாது. அமெரிக்காவில் ஏறுவதற்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பல தடவை நுழையும் விசா தேவை. பஹாமாஸ் போய்த் திரும்புவதும் மறுபடி நுழைவதுதான். மத்தியதரைக் கடலில் செங்கன் நாட்டில் (ஒரே விசாவில் நுழையக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றில்) ஏறி, துருக்கி தொட்டுத் திரும்பினால் செங்கன் விசாவும் பல தடவை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருதடவை விசாவோடு வந்தவரைத் துறைமுகத்திலேயே நிறுத்துவார்கள். காசு திரும்பாது, புள்ளியும் ஏறாது.

முழுப் பணம் கட்டும் நாள் பொதுவாகப் புறப்படுவதற்கு 75 முதல் 120 நாளுக்கு முன்னால் வரும். மீளப்பெறக்கூடிய முற்பணத்தில் பதிந்து, அந்த நாளுக்கு முன்பே விசா முடிவு கையில் இருக்கும்படி கொழும்பு நேர்முகத் திகதியை எடுங்கள். முடிவு வராவிட்டால் அந்த நாளுக்கு முன்பே பயணத்தைப் பின்னொரு திகதிக்கு மாற்றுவியுங்கள். மாற்றிய புதுப் பதிவில் உறுப்பினர் எண் விடுபட்டிருக்கும். அதை மறுபடி ஒட்டுவியுங்கள்.